நான் கூப்பிடாவிட்டால் யாரும் கூடுவதில்லை

கடிதம்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 47 வயது. சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கணவர், தேசிய சேவையில் இருக்கும் மகன், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், 74 வயது அம்மா ஆகியோருடன் இருக்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை. பெரிய பிரச்சினை என்று சொல்ல எதுவும் இல்லை. இதையெல்லாமா ஆலோசகருக்கு எழுதுவது என்று என் கணவர் சிரிப்பார். அதனால் அவரிடம் சொல்லாமல்தான் எழுதுகிறேன்.

குடும்பத்திலும் சரி, தோழிகள் நடுவிலும் சரி, எந்தக் கொண்டாட்டம் என்றாலும் ஏற்பாடு செய்வது நான்தான். அண்ணன் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்வது, பாசிர் ரிஸ்ஸில் சாலே (வாடகை விடுமுறை வீடு) எடுப்பது, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூவுக்கு இடம் பிடிப்பது, முதல் நாள் இரவே கோழியை மசாலாவில் ஊறவைப்பது, எல்லாம் என் தலையில். ஒரு வருடம் எல்லோரையும் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப்போனேன். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நாங்களே 12 பேர் இருந்ததால் போனதும் ஏறிவிட்டோம். வாடகைச் சைக்கிளில் செக் ஜாவா சதுப்புநிலப் பக்கம் போகும்போது அண்ணி புதருக்குள் போய் விழுந்தார். எழுந்து நின்று அவர் சிரித்த சிரிப்பை இன்றும் பேசுவார்கள். பட்டியல் போடுவதும், யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று குழுவில் எழுதுவதும் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

மார்ச் மாதம் என் பிறந்தநாள் வந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் கேக் படமும் பூங்கொத்துப் படமும் வரிசையாக வந்தன. கணவர் இரவு வெளியே போய்ச் சாப்பிடலாமா என்று கேட்டார். எங்கே போவது என்பதையும் நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இனி நானாக எதையும் ஆரம்பிப்பதில்லை, யார் முதலில் கூப்பிடுகிறார்கள் பார்ப்போம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

யாரும் கூப்பிடவில்லை. ஜூன் பள்ளி விடுமுறை போனது. தேசிய தின அணிவகுப்பை வழக்கமாக எங்கள் வீட்டில்தான் எல்லோரும் சேர்ந்து தொலைக்காட்சியில் பார்ப்போம். இந்த வருடம் நாங்கள் மட்டும் பார்த்தோம். அண்ணி நடுவில் ஒருமுறை 'எப்படிம்மா இருக்கே, ரொம்ப நாளாச்சே' என்று எழுதினார். 'நல்லா இருக்கேன் அண்ணி' என்று போட்டு முடித்துக்கொண்டேன். அண்ணனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் ஆளுக்கு 45 வெள்ளி என்று கணக்குப் போட்டு அனுப்பினால், 'பார்க்கலாம்' என்று ஒரே ஒரு சொல் வரும். பள்ளித் தோழிகள் மூன்று பேர். அதில் ஒருத்தி எப்போதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் காலை வாரிவிடுவாள்.

'நீயாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாய், அப்புறம் நீயே வருத்தப்படுகிறாய்' என்கிறார் கணவர்.

தீபாவளி வருகிறது. மறுபடி நானே ஆரம்பிப்பதா, இப்படியே விட்டுவிடுவதா? இவர்களுக்கெல்லாம் என்மேல் பாசம் இருக்கிறதா, இல்லை சாப்பாடும் இடமும் தயாராக இருந்ததால் வந்தார்களா? அம்மா வேறு, 'இப்பல்லாம் யாருமே வர்றதில்லையே, சண்டையா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

செங்காங் வாசகி

பதில்

அன்புள்ள செங்காங் வாசகிக்கு,

உங்கள் அண்ணியின் செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 'ரொம்ப நாளாச்சே' என்று அவர் எழுதியதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னைக் கேட்டால், அவர் உங்களைக் கூப்பிட்டுவிட்டார். சாலே எடுத்து, பட்டியல் போட்டு, கோழி ஊறவைத்துக் கூப்பிடுவது உங்கள் பழக்கம். பல வருடமாக விருந்தாளியாகவே இருந்தவருக்குக் கூப்பிடத் தெரிந்த விதம் அவ்வளவுதான். அதற்கு நீங்கள் அனுப்பிய பதில், கதவைப் பாதி சாத்தியது போல அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இதில் உங்கள் அண்ணி மட்டும் விதிவிலக்கு இல்லை. நாமாக முன்வந்து ஒருவருக்கு 'உன் நினைவு வந்தது' என்று சொன்னால் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பத் தெரிந்தது. தொந்தரவாக இருக்குமோ, வேலையில் இருப்பாரோ என்று தயங்கித் தயங்கியே நாள் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எப்போதும் முதலில் பேசுபவர் நீங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், 'அவளுக்கு ஏதோ வேலை, முடிந்ததும் சொல்வாள்' என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மார்ச் மாதத்திலிருந்து நீங்கள் அவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறீர்கள். எழுதுகிறவர்களுக்குப் பரீட்சை நடப்பதே தெரியாது. இதில் எல்லோரும் தோற்றாலும் அவர்களுடைய பாசத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால் 'பாசமா, சாப்பாடா' என்ற உங்கள் கேள்விக்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. ஆனால் சும்மா சாப்பிட மட்டும் வந்தவர்கள், அண்ணி புதரில் விழுந்த கதையை இத்தனை நாள் கழித்தும் பேசிக்கொண்டிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பிறந்தநாள் விஷயம் வேறு. அங்கே நீங்கள் வருத்தப்பட்டது நியாயம். அந்த வருத்தத்தையும் ஏற்பாடு செய்யும் களைப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள், பிரித்து வையுங்கள். களைப்புக்கு மருந்து வேலையைக் குறைப்பது. வருத்தத்துக்கு மருந்து வாய்விட்டுச் சொல்வது. 'கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது' என்பீர்கள். நம் வீடுகளில் பெண்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். பிள்ளையின் பிறந்தநாளை ஊரைக் கூட்டிக் கொண்டாடலாம், தன் பிறந்தநாளைப் பற்றித் தானே பேசினால் கூச்சம். கணவரிடம் நேராகவே சொல்லுங்கள்: 'அடுத்த வருடம் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அதுதான் பரிசு.' அவர் மோசமான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் அந்த 45 வெள்ளி. உங்கள் அண்ணனின் வருமானம் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்றுக்கு ஆளுக்கு 45 வெள்ளி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் எல்லோரும் பார்க்கும்படி தொகை வரும்போது, 'முடியாது' என்று எழுத ஓர் அண்ணனுக்கு மனம் வராது. 'பார்க்கலாம்' என்றுதான் எழுதுவார். கடைசி நேரத்தில் பின்வாங்கும் தோழிக்கும் இதே காரணம் இருக்கலாம், வீட்டில் வேறு பாரம் இருக்கலாம். அவரைக் குழுவில் கேட்காமல் தனியாக, புளோக் கீழே ஒரு தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் கொண்டாட்டங்கள் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போயிருக்கின்றன என்று நினைக்கிறேன். பெரிய கொண்டாட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டும், பட்டியல் வேண்டும், முன்பணம் வேண்டும். அந்த அளவைப் பார்த்துவிட்டு உங்கள் அண்ணி 'என்னால் இப்படியெல்லாம் முடியாது' என்று ஒதுங்கியிருக்கலாம். குடும்பச் சடங்குகளைப் பற்றி 50 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைப் பார்பரா ஃபீஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டு தொகுத்தார்கள். செய்து முடித்ததும் மறந்துபோகும் வழக்கத்தையும், முடிந்த பிறகும் 'இது எங்கள் குடும்பம்' என்ற உணர்வை விட்டுச்செல்லும் வழக்கத்தையும் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாவது வகைக்குச் செலவோ ஆள்பலமோ தேவையில்லை. வாராவாரம் ஒரே கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவதுகூட அதில் சேரும்.

நீங்கள் செங்காங்கில் இருக்கிறீர்கள், ஜாலான் காயு கூப்பிடு தூரம். மகன் முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் சனிக்கிழமை இரவு பரோட்டா சாப்பிடப் போகலாம். எத்தனை மணிக்கு, யார் யார் என்பதை அவனே சொல்லட்டும்.

அம்மாவோடு போக ஓர் இடம் சொல்கிறேன்: செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தார்கள், கட்டணம் இல்லை. ஊற்றில் தண்ணீர் ஏறக்குறைய 70 டிகிரி சூட்டில் வருகிறது. ஜனங்கள் ஒரு பாத்திரமும் முட்டையும் எடுத்துக்கொண்டு போய், அந்தத் தண்ணீரைப் பிடித்து முட்டையைப் போட்டு மூடிவைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை மாதிரி வரும், சில நேரம் அதுவும் வராது. கால் நனைக்கத் தண்ணீரை ஆறவிட்டுத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் காலில் சூடு தெரியாமல் போகலாம், முதலில் நீங்கள் கை வைத்துப் பார்த்துவிட்டு அவரை விடுங்கள். முட்டையும் கொஞ்சம் சோயா சாஸும் மிளகுத்தூளும் போதும், வேறு பட்டியல் வேண்டாம்.

நடக்க முடிந்தவர்களுக்குப் பழைய ரயில் பாதை இருக்கிறது. 2011 ஜூன் மாதத்தோடு தஞ்சோங் பகார் நிலையத்துக்கு மலாயா ரயில் வருவது நின்றது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தின் பெரும்பகுதி இன்று நடைபாதை. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் இரும்புப் பாலமும் பழைய புக்கிட் தீமா நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் பலர் அந்த ரயிலில் மலேசியாவுக்குப் போய் வந்தவர்கள். கிளம்பும் முன் அவரிடம் கேட்டுப் பாருங்கள், மகளுக்கு வழியில் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

பொறுப்பை ஒப்படைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்பாடு செய்பவர்கள் பலர் வேலையைக் கொடுப்பார்கள், முடிவெடுப்பதைக் கொடுக்க மாட்டார்கள். 'அண்ணி, நீங்க தண்ணி போத்தல் கொண்டு வாங்க' என்பது வேலை. 'இந்த முறை எங்கே, எப்போது, என்ன சாப்பாடு, எல்லாம் நீங்கதான் அண்ணி, நாங்க வந்துடுறோம்' என்பது பொறுப்பு. கொடுத்த பிறகு குழுவில் நினைவூட்டல் போடக் கூடாது. உணவங்காடி நிலையத்தில் மீ கோரெங் சாப்பிடலாம் என்று அவர் முடிவு செய்தால், அங்கே கூட்டமாக இருக்குமே என்று சொல்லக் கூடாது. கை பரபரக்கும், பட்டியல் போடத் தோன்றும். உங்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி என்று நினைக்கிறேன்.

கணவரை வழிக்குக் கொண்டுவர ஓர் ஆய்வு இருக்கிறது, அவரிடம் சொல்லிச் சிரிக்கலாம். ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. சில தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு தலையணையைக் கையால் பிடிக்காமல் இருவருக்கும் நடுவில் தாங்கிக்கொண்டு மெத்தை விரிப்பில் தவழ்ந்து தடையைத் தாண்டச் சொன்னார்கள். வேறு சிலருக்குப் பந்தை மெதுவாக உருட்டும் சலிப்பான வேலை. ஏழு நிமிடக் கூத்துதான், ஆனால் தவழ்ந்தவர்கள் தங்கள் உறவைப் பற்றி முன்பைவிட நல்லபடியாகச் சொன்னார்கள். நீங்கள் கையைக் காலைக் கட்டிக்கொள்ள வேண்டாம். இதுவரை இருவரும் செய்யாத ஏதாவது ஒன்றை இருவர் மட்டும் செய்தால் போதும். உபினுக்கே மறுபடி போங்கள், படகுத்துறையில் முன்பின் தெரியாத பத்துப் பேருக்காகக் காத்திருங்கள்.

தீபாவளிக்கு வருவோம். பொது விடுமுறை ஒரே நாள், கோயிலும் உறவினர் வீடுகளுமாக அது ஓடிவிடும். அதற்கு அடுத்த சனி ஞாயிறை அண்ணியிடம் கொடுங்கள். குழுவில் போடாதீர்கள், போன் செய்து பேசுங்கள். 'அன்றைக்கு நீங்க கேட்டப்போ நான் சரியாப் பேசல, மார்ச்லேருந்து மனசு சரியில்ல' என்று சொன்னால் போதும், மிச்சத்தை அவரே கேட்பார். அண்ணியும் தட்டிக்கழித்துவிட்டார் என்று வையுங்கள். அப்போதும் வருடத்துக்கு ஒன்றிரண்டு பெரிய ஏற்பாட்டை உங்கள் ஆசைக்காகவே செய்யலாம். பட்டியல் போடப் பிடிக்கும் என்று எழுதினீர்களே, அந்தச் சந்தோஷத்தை மற்றவர்களைத் தண்டிப்பதற்காக ஏன் விட வேண்டும்? வருகிறவர்கள் வரட்டும், செலவு மட்டும் அண்ணன் குடும்பமும் கூச்சமில்லாமல் வரக்கூடிய அளவில் இருக்கட்டும்.

அம்மாவிடம் உள்ளதையே சொல்லுங்கள்: 'சண்டை இல்லம்மா, நான் கூப்பிடாம இருக்கேன், அவங்களும் கூப்பிடல.' சொல்லிவிட்டு அண்ணனின் எண்ணை அழுத்திப் போனை அவர் கையில் கொடுங்கள். 'எப்போடா வர்றே?' என்று கேட்க அவருக்கு எந்தக் குழுவும் தேவையில்லை.