முன்சக்கரம் இழுத்தால் ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சில வருடம் கார் ஓட்டியவன் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

வேளச்சேரி வாசகர்: பின்சக்கரம் தள்ளினால்தான் ஸ்போர்ட்ஸ் கார், முன்சக்கரம் இழுத்தால் வெறும் வேகமான குடும்பக் கார் என்கிறான் நண்பன். சரியா?

பாதி சரி. 2016ல் இங்கே வந்த, முன்சக்கரம் இழுக்கும் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். 192 குதிரைத்திறன், ஓட்ட அருமை. ஆனாலும் அது குடும்பக் காராகப் பிறந்து வேகம் பழகியது, ஹாட் ஹேட்ச் என்றுதான் சொல்வேன். ஆனால் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி லோட்டஸ் 1989ல் கொண்டுவந்த எலான்? இரண்டே சீட், துணிக்கூரை, ஓட்டும் சுகத்துக்காகவே செய்த வண்டி. இசுசுவின் 1.6 லிட்டர் இன்ஜின் அதில் முன்சக்கரங்களைத்தான் சுற்றியது. அதை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொல்ல உங்கள் நண்பருக்கு வாய் வருமா, கேட்டுப் பாருங்கள். என்ன, அந்த எலானுக்கு அப்புறம் லோட்டஸே முன்சக்கரப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை!

அம்பத்தூர் வாசகர்: அப்படியென்ன குறை முன்சக்கரம் இழுப்பதில்?

ஒரே டயர் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். பிடிப்பு ஒரு அளவுதான். ஆக்சிலரேட்டர் அதைத் தின்றுவிட்டால் ஸ்டியரிங்குக்கு மிச்சம் கொஞ்சம். வளைவில் மூக்கு வெளியே போகும். அப்புறம், வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாயும். இழுக்க வேண்டிய சக்கரம் அந்த நேரம் பார்த்து லேசாகிவிடும். டர்போ வண்டியில் இரண்டாம் கியரில் முழுசாக மிதித்தால், சின்னப் பிள்ளை பொம்மைக் கடையைப் பார்த்து இழுப்பதுபோல் ஸ்டியரிங் ஒரு பக்கமாகக் கையை இழுக்கும். இடது, வலது ஆக்சில்களின் நீளம் ஒன்றாக இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தாம்பரம் வாசகர்: ஹோண்டா சிவிக் டைப் ஆரும் முன்சக்கரம் இழுக்கும் வண்டிதானே, அது மட்டும் எப்படிச் சமாளிக்கிறது?

2023ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் 20.832 கி.மீ. சுற்றை 7 நிமிடம் 44.881 வினாடியில் முடித்த வண்டி அது. பெரிய உதவி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழலாமல், பாரம் ஏறியிருக்கும் வெளிச்சக்கரத்துக்கு விசையை அனுப்பும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மூக்கு உள்ளே திரும்பும். முதல்முறை ஓட்டுகிறவருக்கு நம்பவே முடியாது.

பெரம்பூர் வாசகர்: பந்தயத்தில் ஜெயித்திருக்கிறதா இந்த வகை?

மினி கூப்பர் எஸ், மான்டி கார்லோ ராலி: 1964, 1965, 1967. போதுமா?

திருவான்மியூர் வாசகர்: ஈசிஆர் வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் ஆடுகிறது. ரசிக்கலாமா?

டிராக்கில் ரசியுங்கள். அங்கே ரேஸ் போலோவின் உள்பக்கப் பின்சக்கரம், கம்பத்தைக் கண்ட தெருநாய் கால் தூக்குவதுபோல் எழுவதைப் பின்னாலிருந்து பார்ப்பதே தனி சுகம். ஆனால் முட்டுக்காடு பாலத்தருகே எதிரே பஸ் வரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் எடை முன்னால் பாய்ந்து பின்டயர் பிடிப்பை இழப்பதால்தான் அந்த ஆட்டம். அப்புறம், இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடுங்கள். கடைக்காரர் முன்னால் போடச் சொல்வார், கேட்காதீர்கள்.