பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். தேனி மாவட்டத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்பிளே மாற்றுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது போக, பென் டிரைவ், மெமரி கார்டில் பாட்டும் ஏற்றிக் கொடுப்பேன். 16 ஜிபி நிறைய ஏற்ற 100 ரூபாய். மினி பஸ், ஷேர் ஆட்டோ, டிராக்டர் ஓட்டுகிறவர்கள்தான் கஸ்டமர்கள். எல்லாம் நெட்டில் இலவசமாகக் கிடைக்கிற பாட்டுகள்தான். நான்கு நாளைக்கு முன் ஒரு எஸ்.ஐ.யும், ஆடியோ கம்பெனி ஆள் என்று சொன்ன ஒருவரும் வந்து சிபியு, இரண்டு ஹார்டு டிஸ்க், கடையில் கிடந்த பென் டிரைவ்கள் (அதில் பாதி கஸ்டமர்களுடையது) எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், காப்பி தரவில்லை. மறுநாள் அந்தக் கம்பெனி ஆள் ஃபோன் செய்து, "இது ஜாமீனே கிடைக்காத கேஸ், ஒன்றரை லட்சம் கொடுத்தால் வாபஸ் வாங்கிக்கிறோம்" என்கிறார். கொடுக்கலாமா? காலேஜ் படிக்கிற என் மகனும் ஃபோன் நிறைய பாட்டு டவுன்லோடு செய்து வைத்திருக்கிறான். அவனையும் பிடிப்பார்களா?

பதில்: அந்த ஒன்றரை லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள். அதற்காக ஃபோனில் சண்டையும் போட வேண்டாம். "வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அவர் பேசிய அழைப்பு பதிவாகியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கொடுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தால் அது பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 63-இன் கீழ்தான் இருக்கும். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிற குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் புகார் கொடுத்தவரே மனம் மாறினாலும் ஸ்டேஷனில் போய் "வாபஸ்" வாங்கிவிட முடியாது. பணம் அவர் பைக்குள் போகும், வழக்கு உங்கள் தலைமேலேயே நிற்கும். சமாதானமாகப் போவதென்றால் அதற்கு ஒரே வழி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் பிரிவு 528-இன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. கம்பெனியின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் ஆட்சேபம் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தனிப்பட்ட, வணிகத் தன்மையுள்ள வழக்குகளை இப்படிச் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. பணம் ஏதாவது கொடுப்பதாக இருந்தால் அந்தக் கட்டத்தில், கம்பெனியின் பெயருக்கு டி.டி. எடுத்து, எழுத்து மூலமாகக் கொடுங்கள். பேக்கரியில் உட்கார்ந்து ரொக்கமாகக் கொடுத்த பணத்தை எந்த நீதிமன்றமும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா என்பதே. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், தேதி போட்டுத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் வக்கீல் மூலம் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். இருந்தால் அதில் புகார்தாரர் யார், எந்தக் கம்பெனிக்காக, எந்தெந்தப் பாட்டுக்காகப் புகார் என்று படியுங்கள். "எல்லாக் கம்பெனிக்கும் நான்தான்" என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர்கள் உண்டு. அவர் கையில் கம்பெனி கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா, அது இன்ன பாடல்களுக்கு என்று சொல்கிறதா என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எஃப்.ஐ.ஆரும் இல்லை, அதிகாரப் பத்திரமும் இல்லை, பணம் மட்டும் கேட்கிறார் என்றால், மிரட்டிப் பணம் பறிக்கிற குற்றத்துக்கு (தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்-இன் பிரிவு 308) நீங்களே புகார் கொடுக்கலாம். ஸ்டேஷனில் வாங்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்து, நீங்கள் செய்தது குற்றமா என்பது. இதில் உங்களுக்கு இனிப்பாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குற்றம்தான். ஒலிப்பதிவின் உரிமையாளர் அனுமதியில்லாமல் அதைப் பிரதி எடுப்பதும், மின்னணு முறையில் சேமிப்பதும், விற்பதும் அந்தச் சட்டத்தின் 14, 51 பிரிவுகளின்படி உரிமை மீறல். தெரிந்தே செய்தால் பிரிவு 63-இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தக் குறைந்தபட்சத் தண்டனையை நீதிமன்றம் இன்னும் குறைக்கலாம் என்று ஒரு விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அது வியாபார லாபத்துக்காகச் செய்யாதவர்களுக்கு மட்டும். 16 ஜிபிக்கு 100 ரூபாய் என்று ரேட் வைத்த அன்றே நீங்கள் அந்த விலக்குக்கு வெளியே போய்விட்டீர்கள். கடை வாசலில் "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று ஃபிளெக்ஸும் வைத்திருந்தால், "தெரிந்தே" என்பதை நிரூபிக்க போலீசுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

"நெட்டில் சும்மா கிடைக்கிறது சார், நான் எடுத்துக் கொடுக்கிற கூலிதான் வாங்கினேன்" என்பது இந்த வழக்குகளில் எல்லோரும் சொல்வது. அந்த வெப்சைட்டை நடத்துகிறவருக்கே உரிமை இல்லாதபோது, அவரிடமிருந்து எடுத்த உங்களுக்கு அது எங்கிருந்து வரும்? கூலி என்றாலும் விலை என்றாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

இதன் நியாயம் அநியாயம் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற கம்பெனிக்கு என் 100 ரூபாயால் என்ன குறைந்துவிட்டது என்று என் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். ஆடியோ கம்பெனிகளுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரே தடவை ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதுதான் அந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். கவிஞர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் மாநிலங்களவை வரைக்கும் கொண்டுபோய்ப் போராடிய பிறகுதான் 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. படத்தைத் தியேட்டரில் ஓட்டுவது தவிர, பாட்டு வேறு எந்த வகையில் பயன்பட்டாலும் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அதை அவர்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆக, கம்பெனிக்காரனைத்தானே ஏமாற்றுகிறோம் என்ற சமாதானம் இப்போது செல்லாது. விளம்பரத்தோடு ஓசியில் கேட்கிற ஆப்பில்கூட உரிமைதாரருக்கு ஏதோ போய்ச் சேருகிறது. உங்கள் கல்லாவில் விழுந்த 100 ரூபாயில் பாட்டு எழுதியவருக்கு ஒரு பைசா போகவில்லை.

ஜாமீன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. பிரிவு 63 ஜாமீனில் விடக்கூடியதா இல்லையா என்று உயர் நீதிமன்றங்கள் பல காலம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில், இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத வகைக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இதன் பொருள் ஜாமீனே கிடையாது என்பதல்ல. ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும், அவ்வளவுதான். அதோடு, 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாமல், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் பிரிவு 35(3). கைது அவசியம் என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னதும் இதுவே. நோட்டீஸ் வந்தால் தலைமறைவாகாமல் வக்கீலோடு போய் நில்லுங்கள். பயமாக இருந்தால் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் போடலாம்.

தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது, கடைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004-இல் 'வீடியோ பைரேட்' என்ற வகையையும் சேர்த்தார்கள். திருட்டு சி.டி.க்காக வந்தது என்றாலும், சினிமாப் பாடல் பதிவுகளும் அந்த விளக்கத்துக்குள் வரும். அதன்படி விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். உங்களைப் போல முதல் வழக்கில் சிக்கிய சின்னக் கடைக்காரர் மேல் அதைப் போட்டால் பொது ஒழுங்குக்கு என்ன பங்கம் வந்தது என்று நீதிமன்றம் கேட்கும், நிற்பது கஷ்டம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது வழக்கு வருவதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

"பழைய பாட்டுக்குமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த ரெக்கார்டுக்கு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பாட்டு என்பதை நம்பிக் கடை நடத்த முடியாது.

உங்கள் மகன் விஷயம் வேறு. சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவது மீறல் ஆகாது என்று பிரிவு 52 சொல்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அது ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். அந்த நோக்கத்துக்காக மின்னணுச் சாதனத்தில் சேமிப்பதும் மீறல் ஆகாது என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சி.டி.யை ஃபோனில் ஏற்றிக்கொள்வது இதற்குள் பத்திரமாக அடங்கும். திருட்டு வெப்சைட்டிலிருந்து ஆயிரம் பாட்டு இறக்குவது "நியாயமான அளவு" ஆகுமா என்றால், ஆகாது என்பது என் கருத்து. ஆனாலும் தனக்காக மட்டும் இறக்கிக் கேட்ட மாணவனைத் தேடி போலீஸ் வருவதில்லை. 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும், முடக்கப்பட்ட தளங்களில் "பார்த்தாலே குற்றம்" என்று வந்த அறிவிப்பைக் கண்டித்து, குற்றம் பார்ப்பதில் இல்லை, பரப்புவதிலும் விற்பதிலும்தான் என்று தெளிவாக்கியது.

மகன் எதில் மாட்டக்கூடும் என்றால், டாரன்ட்டில். அதில் இறக்கும்போதே அவன் ஃபோனிலிருந்து மற்றவர்களுக்கும் பாட்டு போய்க்கொண்டிருக்கும். டெலிகிராமில் பாட்டு குரூப் நடத்தினாலும் அப்படித்தான். அது பொதுமக்களுக்குப் பரப்புவதாகும், காசு வாங்காவிட்டாலும். அட்மினா என்று இன்றே கேளுங்கள். காசு கட்டிய ஆப்பில் உள்ளேயே சேமித்து நெட் இல்லாமல் கேட்பதில் எந்தச் சிக்கலும் இல்லை.

கடைசியாகப் பொருட்கள். சட்டவிரோதப் பிரதிகளைக் கைப்பற்ற பிரிவு 64 எஸ்.ஐ.க்கும் அதற்கு மேலுள்ளவர்களுக்கும் வாரன்ட் இல்லாமலே அதிகாரம் தருகிறது, ஆகவே அவர் வந்ததில் தப்பில்லை. ஆனால் சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் பிரிவு 105. எடுத்தார்களா, மகஜரில் (பறிமுதல் செய்ததை எழுதும் பத்திரத்தில்) ஹார்டு டிஸ்க்கின் சீரியல் நம்பர் இருக்கிறதா, சீல் வைத்தார்களா என்று நினைவிருப்பதை இப்போதே எழுதிவையுங்கள். கைப்பற்றிய பிரதிகளில் உரிமை உள்ளவர்கள் 15 நாளுக்குள் நடுவரிடம் திரும்பக் கேட்கலாம். நான்கு நாள் போய்விட்டது. பென் டிரைவ் கொடுத்த கஸ்டமர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். சிபியுவில் உங்கள் ஜிஎஸ்டி பில்லும் சர்வீஸ் கணக்கும் இருந்தால், வழக்கு முடியும் வரை அதை உங்களிடம் கொடுத்துவைக்கும்படி இடைக்கால ஒப்படைப்புக்குத் தனி மனுப் போடலாம். வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். வீட்டில் இருக்கிற லேப்டாப்பை மட்டும் ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். தடயத்தை அழித்ததாக இன்னொரு பிரிவு சேர்ந்துகொள்ளும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. வருமானச் சான்றோடு நாளைக் காலையிலேயே போய்ப் பாருங்கள்.