ஆபரேட்டர்கள் ஏன் போகிறார்கள்?

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். 40 பேர் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கு போனஸ் தருகிறேன், ஆயுத பூஜைக்குச் சாப்பாடு போடுகிறேன். அப்படியும் ஆறேழு மாதத்தில் ஆபரேட்டர்கள் பாண்டிக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் காலத்துப் பையன்களுக்கு விசுவாசமே இல்லையா?

பதில்: விசுவாசம் இருக்கட்டும். போனஸை உங்கள் பெருந்தன்மைக் கணக்கில் எழுதாதீர்கள். வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் தர வேண்டும் என்பது சட்டம்.

ஓவர்டைமுக்கு என்ன தருகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 14,000 ரூபாய்ச் சம்பளத்தை 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 67 ரூபாய் வரும். ஓவர்டைமுக்கு அதில் இரட்டிப்பு தர வேண்டும். ஒற்றைச் சம்பளம் போட்டால், மாதம் 30 மணி நேரம் கூடுதலாக உழைப்பவர் 2,000 ரூபாய் இழக்கிறார். உங்களிடம் வந்து சண்டை போடமாட்டார், வேறு யூனிட்டில் விசாரிப்பார். பிடித்த பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டவில்லை என்றால், உமாங் என்ற அரசுச் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்ததும் அதுவும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மாதம் 1,000 ரூபாய் கூட்டித் தந்தால், பிஎஃப், இஎஸ்ஐ-யில் உங்கள் பங்கையும் சேர்த்து வருடத்துக்கு 14,000 ரூபாய்க்குள்தான் ஆகும். புது ஆள் கை பழகும் இரண்டு மாதம் பாதி உற்பத்திதான் தருகிறார் என்றால், அந்தச் சம்பளத்திலேயே 14,000 போய்விடுகிறது. ஸ்கிராப் தனி.

ஆனால் பணத்தைவிட அதிகம் பேரை விரட்டுவது சூப்பர்வைசரின் வாய். நைலானை 80 டிகிரியில் நாலு மணி நேரமாவது காயவைக்காமல் ஹாப்பரில், அதாவது மெஷினுக்கு மெட்டீரியல் போடும் தொட்டியில், கொட்டினால் பீஸில் வெள்ளிக் கோடு விழும். ஈரம் மெட்டீரியலில், திட்டு விழுவது மெஷினில் நிற்பவருக்கு, அதுவும் நாலு பேர் முன்னால். ரிஜக்‌ஷன் ரிஜிஸ்டரில் காரணம் எழுதிய பிறகுதான் ஆளைக் கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். எந்த சூப்பர்வைசரின் ஷிஃப்டிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்றும் ஒரு வருடத்துக்கு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும்.

ஷிஃப்ட் சார்ட்டை சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டினால் யாராலும் வீட்டு வேலையைத் திட்டமிட முடியாது, புதன்கிழமையே ஒட்டுங்கள். இரவு 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் குறிஞ்சிப்பாடிக்காரர் எப்படி வீடு போய்ச் சேருவார்? ஒரு வேன் வையுங்கள், இல்லை அந்த ஊர்க்காரர்களைப் பகல் ஷிஃப்டில் போடுங்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி. பாதிப் பேர் லீவு கேட்பார்கள் என்பது காலண்டர் வாங்கும்போதே தெரிகிற விஷயம். மெயின்டெனன்ஸை அன்றைக்கு வைத்துக்கொண்டு லீவு கொடுங்கள்.

ஹெல்பர், ஆபரேட்டர், மெஷினில் அச்சைப் பொருத்தும் மோல்டு செட்டர் என்று ஒவ்வொரு படிக்கும் என்ன கற்க வேண்டும், எவ்வளவு சம்பளம் என்று எழுதி போர்டில் ஒட்டுங்கள். 30-ம் நாளும் 90-ம் நாளும் புது ஆளோடு, சூப்பர்வைசர் இல்லாமல், நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். எது கஷ்டமாக இருக்கிறது, எதைக் கற்க ஆசை, யார் உதவுகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரி செய்யுங்கள். செய்யாவிட்டால் அடுத்த முறை "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றுதான் பதில் வரும்.

போனவர்களின் பாக்கிக் கணக்கையும் இழுத்தடிக்காமல் முடியுங்கள். போனவரின் ஊரிலிருந்து அடுத்து உங்களிடம் வேலைக்கு வருபவர் முதலில் அவரைத்தான் விசாரித்துவிட்டு வருவார்.