சென்னையில் கர்ப்பிணிகள் மீன் சாப்பிடலாமா? எண்ணூர் பக்கம் பாதரசம் கலக்கிறது என்கிறார்களே?

தாராளமாகச் சாப்பிடலாம். எந்த மீன் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது எண்ணூரில். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், சின்ன வயதில் முட்டி அளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்போம். போன மாதம் அதே இடத்தில் இறங்கினேன். காலுக்கடியில் வழுவழுவென்று சாம்பல் படிவு. அதைத் தள்ளிவிட்டு அள்ளினால் மை மாதிரி கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம்.

அந்த நாற்றம்தான் உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்டது. காற்று எட்டாத சேற்றில் ஒரு வகை பாக்டீரியா, உப்புநீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு பிழைக்கிறது. நாற்றம் அது விடும் வாயுவுடையது. பாதரசம் வந்து சேர்ந்தால் அதை உயிர்களின் உடம்பில் எளிதில் ஏறும் விஷ வடிவமான மீத்தைல் பாதரசமாக மாற்றுவதும் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். நிலக்கரியில் பாதரசம் துளியூண்டு உண்டு. எரித்தால் ஒரு பங்கு புகையோடு போகும், ஒரு பங்கு சாம்பலில் தங்கும். அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலக்கக் கூடாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான்.

தண்ணீரில் கரைந்திருக்கும் அளவு மிகமிகக் குறைவு, அதனால் மெரினாவில் கால் நனைக்கப் பயப்பட வேண்டாம். ஆனால் மீத்தைல் பாதரசம் பாசியிலிருந்து சின்ன மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் போகும்போது ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகும். சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்தது. 1956-ல் அது வெளியே தெரிந்தது, கழிவு நின்றது 1968-ல். அங்கே அதிகம் பாதிப்பு தெரியாத தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் விஷம் அது. எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கவனமாக இருப்பதில் தப்பில்லை.

என் இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அத்தை பால் சுறாப் புட்டு செய்து கொண்டுவந்தார். பால் ஊறும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தருவது. சுறாவும் வேட்டை மீன் என்பதால் எனக்கு மனசு இடித்தது. “அத்தை, காரப்பொடியும் பால் ஊறத் தருவதுதானே, பூண்டு போட்டு அதைக் குழம்பு வைங்களேன்” என்றேன். கொஞ்சம் முகம் வாடியது, மறுநாளே வைத்துக் கொடுத்தார்.

ஆகவே நெத்திலி, மத்தி, காரப்பொடி, இறால் வாரம் இரண்டு முறை சாப்பிடுங்கள். பிள்ளையின் மூளைக்கு அந்த மீன் கொழுப்பு வேண்டும், பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். சுறா, மயில் மீன், பெரிய சூரை வேண்டாம். வஞ்சிரம் எப்போதாவது, சின்னதாகப் பார்த்து. உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 2 மாதம் போல ஆகும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்கினால் நல்லது.

காசிமேட்டிலோ தெருவிலோ வாங்கும்போது மீன்கார அம்மாவிடம் “ஆத்து மீனா, கடல் மீனா?” என்று கேளுங்கள், எண்ணூர் ஆற்றுப் பக்கம் பிடித்ததைத் தவிர்க்கத்தான். கர்ப்பமாக இருக்கிறேன் என்றும் சொல்லுங்கள், அவர்களே நல்லதாகப் பொறுக்கிப் போடுவார்கள்.