டொராண்டோ ஜெனரல் அருகே வாடகை வீடு

அன்புத் தங்கைக்கு,

டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில் செவிலியர் பணி கிடைத்திருப்பதாகவும், நடந்து போகும் தூரத்தில் பார்த்து வைத்த வீட்டுக்கு உரிமையாளர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஆறு மாதம் நியாயமாகவே தோன்றும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டம் வேறு. கடைசி மாத வாடகைக்கென்று ஒரு மாதத் தொகையை மட்டுமே வைப்பாக வாங்கலாம். வீட்டுச் சேதாரத்துக்கென்று தனியாகப் பணம் கேட்கவும் அனுமதியில்லை. இங்கே கடன் வரலாறு (கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதற்கான பதிவு) இல்லையே என்ற பயத்தை வைத்துத்தான் புதிதாக வருபவர்களிடம் இப்படிக் கறக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பணி நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள். இங்கே வேலையில் இருக்கும் உறவினர் யாராவது உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

மருத்துவமனை இருக்கும் யூனிவர்சிட்டி அவென்யூவை ஒட்டிய புதிய காண்டோக்களில் (தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமான அடுக்குமாடி வீடுகளில்) வாடகை மிக அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வில் உச்சவரம்பு கிடையாது. பழைய கட்டடங்களுக்கு உண்டு. 2025-இல் அது 2.5 சதவீதம். அதனால் பழைய கட்டடமாகவே தேடுங்கள்.

தூரத்தைவிட உங்கள் பணிநேரம்தான் முக்கியம். சுரங்க ரயில் இரவு ஒன்றரை மணி வாக்கில் நின்றுவிடும். ஞாயிறு காலை எட்டு மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். ஞாயிறு ஏழு மணிக்குப் பணியேற வேண்டியவர், ரயில் நிலையத்தின் வாசலிலேயே குடியிருந்தாலும் பயனில்லை. நான் உங்களுக்குச் சொல்வது 506 கார்ல்டன் டிராம் வழித்தடம். மருத்துவமனையை ஒட்டியே காலேஜ் தெருவில் போகும். நள்ளிரவுக்குப் பிறகும் 306 என்ற எண்ணில் ஓடும். அதே தடத்தில் கிழக்கே ஜெரார்ட் தெருவில், இந்தியக் கடைகள் இருக்கும் பகுதியில் வீடு பார்க்கலாம். பருப்புக்கும் புளிக்கும் அலைய வேண்டியதில்லை. நடந்துதான் போக வேண்டுமென்றால் செயின்ட் ஜேம்ஸ் டவுன்: ஈழத்தமிழர் பலர் வந்த புதிதில் குடியேறிய அடுக்குமாடிகள், ஏறத்தாழ அரை மணி நடை. சனவரிக் குளிரில் அந்த அரை மணி நீளும்.

ஒப்பந்தம் மாகாண அரசின் பொதுப் படிவத்தில் இருக்க வேண்டும். வெறும் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். பணிநேர அட்டவணை கைக்கு வந்ததும் எழுதுங்கள். எந்தப் பகுதி ஒத்துவரும் என்று சேர்ந்து பார்ப்போம்.