பழைய சிஸ்டங்களின் ஓட்டைகள்: கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து வேலந்தாவளம் வரை, தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகள். பழைய யூனிக்ஸ், விண்டோஸ் ஓட்டைகள் மட்டும்தான் என்று சொல்லியிருந்தேன். சிலர் காதில் விழவில்லை.

கோபாலபுரம், பிரவுசிங் சென்டர்காரர்: அண்ணா, 2003ல எங்க எக்ஸ்பி மிஷினெல்லாம் 60 செகண்ட் காட்டிட்டு தானா அணைஞ்சு எந்திரிச்சுது. யாரும் எதையும் கிளிக் பண்ணலீங்க. எப்படி வந்துச்சு?

அது பிளாஸ்டர் என்ற புழு, அதாவது நெட்வொர்க் வழியே தானே பரவும் நிரல். கிளிக்கே தேவையில்லை. 135ஆம் போர்ட்டில் (நெட்வொர்க் வாசலில்) காத்திருந்த ஆர்பிசி சேவைக்கு (பிற கணினிகளின் கோரிக்கையை ஏற்கும் விண்டோஸ் பகுதி) அளவு மீறிய தகவலை அனுப்பி உள்ளே புகுந்தது. அந்தச் சேவை விழுந்தால் விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் பார்த்தது அதைத்தான். ஜூலை 16லேயே ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது. புழு வந்தது ஆகஸ்ட் 11. பேட்ச் போட்டிருந்தீர்களா?

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: சார், மோரிஸ் புழு பாஸ்வேர்டை ஊகிச்சுத்தான் பரவுச்சுன்னு பாடத்துல இருக்கு. அவ்வளவுதானா?

அது ஒரு வழி மட்டும்தான் அம்மா. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் அதை எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து விட்டார். ஒரு கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் ஃபிங்கர் சேவை, வரும் வரியை சி மொழியின் கெட்ஸ் ஃபங்ஷனால் 512 பைட் இடத்துக்குள் வாங்கும். கெட்ஸ் நீளம் பார்க்காது. புழு 536 பைட் அனுப்பியது; வழிந்தது, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை மாற்றி எழுத, வாக்ஸ் ரகக் கணினி புழுவின் நிரலை ஓட்டியது. சன் கணினிகளில் இந்த வழி பலிக்கவில்லை. அங்கே சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல் உதவியது: சோதனைக்காக வைத்த டீபக் வசதியை அணைக்காமலே விட்டிருந்தார்கள், அஞ்சல் முகவரி இருக்கும் இடத்தில் கட்டளையே கொடுக்கலாம். மூன்றாவது, 'அந்த மிஷின் நம்மாளு' என்று பாஸ்வேர்டு கேட்காமலே விடும் ஆர்எஸ்எச், வேறு கணினியில் கட்டளை ஓட்டும் வசதி. நீங்கள் படித்த ஊகிப்பு நான்காவது. பயனர் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, பிறகு 432 சொல் பட்டியல்.

கணினிகள் முடங்கியதற்குக் காரணம் வேறு. ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தால் ஒதுங்க வேண்டிய புழு, ஏழில் ஒரு தடவை ஒதுங்காமல் நிலைத்தது. பிரதிகள் குவிந்து மூச்சுத் திணறின.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்: எங்கள் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ்தான். வைரஸ் பயமே கிடையாது. இதெல்லாம் விண்டோஸ்காரர்கள் தலைவலிதானே?

மாஷே, மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள். மோரிஸ் புழு புகுந்தது முழுக்க யூனிக்ஸில், உங்கள் லினக்ஸும் அதன் வழியில் வந்ததுதான்.

அதே ஆசிரியர்: சரி, மூல நிரல் (சோர்ஸ் கோட்) கையில் இருந்ததால்தானே உடனே சரிசெய்ய முடிந்தது?

கோபாலபுரம்காரர் மறுபடியும்: மாஷ், அந்த கெட்ஸும் அதே மூல நிரல்லதானுங்களே இருந்துச்சு? அத்தன வருஷம் யாருங்க பாத்தாங்க?

ரெண்டு பேர் சொல்வதும் நடந்ததுதான். மறுநாளே பெர்க்லியிலிருந்து சென்ட்மெயிலுக்குத் திருத்தம் வந்தது. மூல நிரல் இல்லாமல் அந்த வேகம் வராது. ஆனால் கண் முன்னே இருந்த கெட்ஸை சி மொழித் தரத்திலிருந்து நீக்க 2011 ஆனது. மாஷ், உங்கள் லேபில் அப்டேட் கடைசியாக எப்போது போட்டீர்கள்? பதில் வேண்டாம், போட்டால் போதும்.

மீனாட்சிபுரம்: மொபைலுக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது?

தலைப்பைப் பாருங்கள்.

வாளையார்: வாட்ஸ்அப்ல லிங்க் வந்து பணம் போயிடுச்சு.

என்னிடம் கேட்டு நேரம் போக்காதீர்கள். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: எந்த ஆன்டிவைரஸ்...

மீனாட்சிபுரத்துக்குச் சொன்னதேதான்.

சித்தூர்: டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே போகுமாமே?

ஆமாம், டெல்நெட்டால் வேறு கணினிக்குள் நுழையும்போது வழியில் ஒட்டுக்கேட்பவர் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித் திருட்டு நடந்த பிறகுதான் 1995ல் டாட்டு யூலோனன், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் எழுதினார்.

வேலந்தாவளம், எடைமேடை வைத்திருப்பவர்: எங்க பில் சிஸ்டம் இன்னும் விண்டோஸ் 98ங்க, நல்லா ஓடுது. நெட் கனெக்‌ஷன் குடுக்கலாங்களா?

கொடுக்காதீங்க. அதற்கு 2006 ஜூலையோடு பேட்ச் நின்றுவிட்டது. பென் டிரைவையும் கண்டதை எல்லாம் செருகாதீங்க.