ஏலம் முடிந்த பிறகு 'தர மாட்டேன்' என்றால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கிறேன். பழைய ஃபிலிம் கேமராக்களைச் சேர்ப்பது எனது பல வருடப் பழக்கம். சென்ற மாதம் ஓர் இணைய ஏலத்தில், 1 யூரோ ஆரம்ப விலையில் வந்திருந்த ரோலைஃபிளெக்ஸ் கேமராவை 61 யூரோவுக்கு எடுத்தேன். பணம் செலுத்திய மறுநாள், பெட்டியில் வைத்துக் கட்டும்போது கை தவறிக் கீழே விழுந்து லென்ஸ் உடைந்துவிட்டது என்று எழுதிய விற்பனையாளர், பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து அதே கேமரா வேறொரு தளத்தில் 450 யூரோவுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. தோல் உறையின் இடது மூலையிலிருந்த பிறை வடிவக் கீறல் இரண்டு படங்களிலும் அப்படியே தெரிகிறது. பணம்தான் வந்துவிட்டதே, விட்டுத்தள்ளுங்கள் என்கிறார் என் மனைவி. நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: செய்ய முடியும். செய்ய வேண்டும் என்பதே எனது கருத்து. பணம் திரும்பி வந்ததால் மட்டும் உங்கள் உரிமை போய்விடவில்லை. ஆனால், விற்பனையை ரத்து செய்யச் சம்மதம் என்று தளத்தில் எங்காவது நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால் நிலைமை மாறிவிடும் என்பதால், முதலில் அதைச் சரிபாருங்கள்.

நம் ஊர் ஏலத்தில் 'மூன்று தரம்' சொல்லும் வரை எதுவும் முடிவாகாது என்று பழகியவர்கள் நாம். ஜெர்மன் நீதிமன்றங்கள் இணைய ஏலத்தை வேறு விதமாகப் பார்க்கின்றன. பொருளை ஏலத்துக்கு வைக்கும்போதே, கெடு முடியும் நேரத்தில் யார் அதிகம் கேட்டிருக்கிறாரோ அவருக்குத் தருகிறேன் என்று விற்பவர் வாக்குக் கொடுத்துவிடுகிறார். 2001 நவம்பரில் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், 10 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் நாணயம்) ஆரம்ப விலையில் வைக்கப்பட்ட, ஏறத்தாழ 57,000 மார்க் மதிப்புள்ள புதிய ஃபோக்ஸ்வாகன் பஸாட் கார் 26,350 மார்க்குக்கு முடிந்தது. விற்றவர் தர மறுத்தார். ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம். 2014-இல் இன்னும் கடுமையான வழக்கு ஒன்று வந்தது. 1 யூரோவில் தொடங்கிய ஒரு பழைய பஸாட் காருக்கு வெளியே 4,200 யூரோ தர ஆள் கிடைத்ததும், விற்பவர் ஏலத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் ஒருவர் மட்டுமே, அதுவும் 1 யூரோ நிலையில், கேட்டிருந்தார். காரின் மதிப்பு 5,250 யூரோ என்று கொண்டு, அவருக்கு 5,249 யூரோ இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, விலை படுமலிவாக இருக்கிறது என்பதே ஒப்பந்தத்தைக் கெடுத்துவிடாது என்று நீதிமன்றம் சொன்னதுதான். 1 யூரோ என்று போடுவது கூட்டம் சேர்ப்பதற்காக. அந்தக் கூட்டத்தால் விலை ஏறினால் இலாபம் விற்பவருக்கு என்னும்போது, கூட்டம் சேராமல் அடிமாட்டு விலைக்குப் போனால் அந்த நட்டமும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? குறைந்தபட்ச விலை குறிக்கும் வசதி இருந்தும், அதைக் குறிக்காமல் விட்டவர் அவர்.

கேமரா உண்மையாகவே உடைந்திருந்தாலும் அவர் எளிதில் தப்ப முடியாது. உங்கள் கைக்கு அனுப்பும் முன் அவருடைய கவனக்குறைவால் உடைந்த பொருளுக்கு அவரே பொறுப்பு. தன் மீது தவறில்லை என்று காட்ட வேண்டிய கடமையும் அவருடையதே. ஆகவே இரண்டு விளம்பரங்களையும், அந்தக் கீறல் தெளிவாகத் தெரியும்படி, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் உடைந்தது என்று அவர் எழுதிய செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு, 61 யூரோவைப் பெற்றுக்கொண்டு கேமராவை 14 நாட்களுக்குள் தருமாறு கோபமில்லாத ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தராவிட்டால் சந்தை மதிப்புக்கும் 61 யூரோவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோரலாம். அவர் போட்டிருக்கும் 450 யூரோ அவருடைய ஆசை விலை மட்டுமே என்பதால், இதே ரகக் கேமராக்கள் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைச் சேகரித்துக் கொள்வது நல்லது.

கேள்வி: நான் சிட்னியில் இருக்கிறேன். காலமான என் அப்பாவின் தபால்தலை ஆல்பத்தை 1 டாலருக்கு இணைய ஏலத்தில் வைத்தேன். ஒவ்வொரு தபால்தலைக்குக் கீழும் அப்பா பென்சிலால் ஆண்டு எழுதியிருக்கிறார். இன்னும் இரண்டு நாளே இருக்க, 18 டாலரில் நிற்கிறது, வயிற்றைப் பிசைகிறது. ஏலத்தை நிறுத்திவிடலாமா, அல்லது தம்பியின் கணக்கிலிருந்து கேட்கச் சொல்லி விலையை ஏற்றலாமா?

பதில்: அம்மா, இரண்டாவது யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். விற்பவரே ஆள் வைத்துக் கேட்பதை, அந்த உரிமையை முன்கூட்டி அறிவித்திருந்தாலன்றி, சட்டம் மோசடியாகவே கருதும். ஜெர்மனியில் 2016-இல் முடிந்த வழக்கு ஒன்றில், விற்றவர் இன்னொரு கணக்கிலிருந்து தன் காருக்குத் தானே 17,000 யூரோ வரை கேட்டிருந்தார். அவர் கேட்ட விலைகளையெல்லாம் நீதிமன்றம் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, உண்மையான போட்டியாளர் 1.50 யூரோவுக்கே காரை எடுத்ததாக முடிவாயிற்று. கார் அதற்குள் வேறொருவருக்குக் கைமாறியிருந்ததால் 16,500 யூரோ இழப்பீடு கட்ட நேர்ந்தது.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, ஏலத்தில் கேட்டவருக்குப் பொருளைத் தர மறுத்தது பற்றி உங்கள் மாநிலத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விர்ரவே ரக விமானம் ஒன்றை ஒருவர் 2006-இல் ஈபே தளத்தில் 1,50,000 டாலர் குறைந்தபட்ச விலைக்கு வைத்தார். அந்த விலைக்குக் கேட்டவருக்குத் தர மறுத்தபோது, 2007-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், இழப்பீடு என்று விட்டுவிடாமல், விமானத்தையே ஒப்படைக்க உத்தரவிட்டது. கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாத பொருள்களில் இப்படி நேரலாம். உங்கள் அப்பாவின் ஆல்பமும் அப்படிப்பட்டதுதான்.

இரண்டு நாள் இருக்கும்போது 18 டாலர் என்பதைக் கண்டு கலங்காதீர்கள். சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் கடைசி நிமிடங்களில்தான் கேட்பார்கள். ஆல்பத்தின் விவரங்களைக் கூட்டிச் சொல்லத் தளம் அனுமதித்தால், அரிய பக்கங்களின் படங்களைச் சேருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, விலையைவிடப் பிரிவுதான் உங்களை வருத்துகிறதோ என்று தோன்றியது. ஒவ்வொரு தபால்தலைக்குக் கீழும் அப்பா பென்சிலால் ஆண்டு எழுதியிருக்கிறார் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். முடிந்த பிறகு எடுத்தவருக்கு உண்மையை எழுதி, விட்டுத்தர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. அப்போது பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு, அனுப்பி வையுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கும் நான் இணைய ஏலத்தில் எடுத்த பழைய நாணயங்களை, விலை கட்டுப்படியாகவில்லை என்று விற்றவர் தர மறுக்கிறார். இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ முடிவு அறிவிக்கப்பட்டதும் ஏல விற்பனை நிறைவடைகிறது. மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதாலேயே அது செல்லாது என்று சொல்ல முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு உறுதி செய்கிறது. விலை குறைவு என்ற வாதத்துக்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் மனமொப்பி 10 ரூபாய்க்குத் தர உடன்பட்டால், அதுவும் ஒப்பந்தமே. ஆகவே வக்கீல் நோட்டீஸ் அனுப்ப உங்களுக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. தொகை சிறியதென்றால், முதலில் தளத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள்.

வங்கிகள் கடன் பாக்கிக்காக நடத்தும் சொத்து ஏலத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் அதிகபட்சமாகக் கேட்டு 25 சதவீதத்தைக் கட்டிய பிறகும், வங்கி உறுதிப்படுத்தும் வரை விற்பனை முடிவாவதில்லை.